நோட்டைக் காட்டாத சீஷர்கள்

பூதப்பாண்டியிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலருக்கு நான் டீச்சர், சிலருக்கு அத்தை, சிலருக்குப் பெரியம்மை.  இது நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். சாயங்காலம் ஒரு சாயா போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

"விசுவாசம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவிலுள்ள காரியம். அதில் சபைக்கோ சொந்தக்காரருக்கோ என்ன வேலை?" இந்தப் பேச்சைக் கொஞ்ச காலமாகக் கல்யாண வீட்டிலும் கேட்கிறேன், துட்டி வீட்டிலும் கேட்கிறேன். படித்த பிள்ளைகள், நல்ல வேலையில் இருக்கிற பிள்ளைகள், என்னிடம் அ, ஆ எழுதிப் பழகிய பிள்ளைகளே சொல்கிறார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமையும் தெரிகிறது. பெரியவர்களுக்குப் புரியாத ஒரு முன்னேற்றம் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்கிற மாதிரி.

மக்களே, அது முன்னேற்றம் இல்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிற ஆசைக்கு நாம் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

என் மாணவர்களில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. இது என் சொந்த வீட்டாரோடு நான் போடுகிற சண்டைதான். ஆனாலும் நீங்களும் படியுங்கள். இதே காரியம் உங்கள் வீட்டிலும் வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சீஷன் என்பது சிஷ்யன் என்ற சொல்லின் இன்னொரு வடிவம். மாணவன் என்று பொருள். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் அந்த இடத்தில் இருக்கிற சொல்லுக்குக் கற்றுக்கொள்கிறவன் என்றுதான் அர்த்தம். ஆண்டவர் ரசிகர்களைக் கூப்பிடவில்லை, மாணவர்களைக் கூப்பிட்டார். மாணவன் யார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் நின்றவள் நான்.

மாணவன் வகுப்புக்கு வருவான். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. கற்றதை வீட்டில் செய்து பார்ப்பான். பிறகு நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவான். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்துவோம், அவன் திரும்ப எழுதுவான். இந்தக் கடைசிக் காரியம் முக்கியம். மற்ற எல்லாம் செய்துவிட்டு நோட்டை மட்டும் காட்டாத பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். கேட்டால் "எழுதிட்டேன் டீச்சர், வீட்டுல இருக்கு" என்பார்கள். "எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த "வீட்டுல இருக்கு" தான் ஞாபகம் வருகிறது.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை உண்டு. முந்திப் படித்த பிள்ளை பிந்தி வந்த பிள்ளைக்கு மணலில் எழுத்து போட்டுக் காட்டும். இந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார் 1789க்குப் பிறகு சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் அதை நடைமுறையாக்கினார். பிறகு அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு இங்கிலாந்துக்கே போனது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கற்கும் என்பது நம் மண்ணில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக்தியில் மட்டும் அது வேண்டாமா?

ஆண்டவர் சேர்த்த பன்னிரண்டு பேரைப் பாருங்கள். மத்தேயு ரோம ஆட்சிக்கு வரி வசூலித்தவர். செலோத்தே என்ற பட்டப்பெயர் பெற்ற சீமோன், அந்தப் பெயரைப் பார்த்தால், அந்த ஆட்சியைப் பிடிக்காத கூட்டத்தோடு சேர்ந்தவர். தானாக விட்டால் இரண்டு பேரும் ஒரே தெருவில் நடந்திருக்க மாட்டார்கள். அவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்ததுதான் ஆண்டவர் நடத்திய முதல் பாடம். இன்றைக்கு நாம் ஒத்த கருத்துள்ளவர்களை மட்டும் வைத்து வாட்ஸ்அப் குழு தொடங்குகிறோம். கருத்து மாறினால் குழுவை விட்டு வெளியேறுகிறோம். அதற்கு ஒரு ஜெபக்குழு என்று பெயரும் வைக்கிறோம்.

இப்போது கொஞ்சம் இலக்கணம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டை வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். எடுத்ததும் அது என் வசனம், என் வருடம், என் ஆசீர்வாதம். எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் வந்துவிட்டால் சந்தோஷம் தாங்காது. ஆண்டவர் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் நல்ல நினைவுகள் என்கிற வசனம் அது.

அந்த வசனத்தில் இருக்கிற சொல் "உங்கள்". இன்றைய பேச்சில் நாம் ஒரே ஆளையும் மரியாதைக்கு "நீங்கள்" என்கிறோம். பழைய வேதாகமத் தமிழில் அப்படி இல்லை. ஒருவன் என்றால் "நீ", மரியாதைக்குரிய ஒருவர் என்றால் "நீர்". "நீங்கள்" என்று வந்தால் அது பலர். எரேமியா அந்தக் கடிதத்தை எழுதியது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஒரு முழு ஜனத்துக்கு. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடக் கணக்கு இருக்கிறது. அதாவது கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நன்மையைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை, பேரன் பேத்திகள்தான் பார்க்கப் போகிறார்கள். இன்னும் கொஞ்சம் மேலே போனால், நீங்கள் இருக்கிற அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. அந்த வசனம் எந்த அட்டையிலும் எனக்கு வந்ததில்லை.

ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு புதிய ஏற்பாட்டு நிருபங்களில் "நீங்கள்" வருகிற இடத்தை எல்லாம் கோடு போட்டுப் பாருங்கள். பூமிக்கு உப்பாக இருக்கச் சொன்னதும் பலரைப் பார்த்துத்தான். தேவனுடைய ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் சொல்வதும் பலர் சேர்ந்த சபையைத்தான். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எனக்கு" என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. அப்பம் கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் எல்லாம் எங்களுக்கு, எங்கள், எங்களை. தனி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தாலும் அந்த ஜெபத்தைப் பன்மையில்தான் சொல்லியாக வேண்டும். சங்கீதங்களில் "என்" நிறைய இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதைக் கூட்டமாகப் பாடினார்கள். ஒருவன் கண்ணீரை ஊரே தன் வாயால் பாடியது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். இந்த ஜில்லாவில் சீர்திருத்தச் சபை தொடங்கின கதை உங்களுக்குத் தெரியும். மயிலாடி மகாராசன் தஞ்சாவூருக்குப் போய், கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். தனக்குக் கிடைத்த சமாதானத்தைத் தான் மட்டும் வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் சொந்தக்காரரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிச் சேர்த்தார். ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் வந்தது 1806இல். அதற்கு முன்பே மயிலாடியில் சேர்ந்து ஜெபிக்கிற ஆட்கள் இருந்தார்கள். மிஷனரி வந்து அந்தக் கூட்டத்தைக் கண்டார் என்று சொல்வதுதான் சரி.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மா ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் பிடிக்கப்பட்டு, மூன்று வருடம் துன்பப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று அந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நான் சி.எஸ்.ஐ.காரி, எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அவர் எனக்கும் முன்னோர்தான்.

தேவசகாயம் தன் விசுவாசத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு அரண்மனை வேலையைப் பார்த்திருந்தால் அவரை யார் தொட்டிருப்பார்கள்? மனசுக்குள் இருக்கிறதை எந்த ராஜா சோதித்துப் பார்க்க முடியும்? உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று பாராமல் எல்லோரோடும் பழகினார் என்பதைக் கத்தோலிக்கச் சபை அவருடைய சாட்சியின் முக்கியப் பகுதியாகச் சொல்கிறது. விசுவாசம் மனசிலிருந்து திண்ணைக்கும் பந்திக்கும் வந்தபோதுதான் அதற்கு விலை வந்தது. முடிவு எடுத்தது அவர் தனியாகத்தான், நான் மறுக்கவில்லை. தனியாக முடிவெடுப்பது வேறு, தனக்காக மட்டும் வாழ்வது வேறு. நாம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

"என் உடை, என் உரிமை, என் சுதந்திரம்" என்று பேசுகிற பேத்திமாருக்கு ஒன்று. அந்தச் சுதந்திரம் எனக்கும் வேண்டியதுதான். ஆனால் அது எப்படி வந்தது? தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி 1859 வரை நடந்தது. மாரை மூடிக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களை அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். 1859 ஜூலை 26 அன்று வந்த ராஜாவின் பிரகடனம்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அத்தனை வருடம் ஒருத்தி தனியாகத் தாக்குப்பிடித்திருப்பாளா? அடிபட்டவளுக்குப் பின்னால் ஒரு சபை நின்றது. அதே காலத்தில் அய்யா வைகுண்டரும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைக் கூட்டித் துவையல் பந்தி என்று ஒன்றாக வாழப் பழக்கினார். இன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுபவிக்கிற மானத்தைச் சேர்ந்து நின்றவர்கள்தான் வாங்கித் தந்தார்கள்.

எங்கள் அம்மை காலத்தில் பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். உபதேசியார் வீட்டுக்கு, விதவைக்கு, புதுக் கோயில் கட்டுவதற்கு. மிச்சம் இருந்தால் கொடுப்பது அல்ல அது. சமைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது. பஞ்சகாலத்திலும் எடுத்தார்கள். தினம் இரண்டு வேளை, அடுப்படியில் நின்றபடி, என் வீட்டுச் சோற்றில் என் வீட்டாருக்கு இல்லாத ஒரு பங்கு இருக்கிறது என்று அந்தக் கைக்குப் பாடம் நடந்தது. எழுத்து தெரியாத பெண்கள் சீஷத்துவம் கற்றது இப்படித்தான். இப்போது காணிக்கையை கூகுள் பேயில் அனுப்புகிறோம். அனுப்புவதில் தப்பில்லை. கைக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் பூட்டினார்கள், ஆராதனை போனில் வந்தது. அன்றைக்கு அது பெரிய உதவி. நானும் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடினேன். ஊரடங்கு முடிந்தது. ஆனால் நிறையப் பேர் திரும்பி வரவில்லை. யூடியூபில் நல்ல பிரசங்கியார் இருக்கிறார், பாட்டு நன்றாக இருக்கிறது, பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம், உட்கார நல்ல சோபா இருக்கிறது என்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உன் பெயர் தெரியாது. நீ மூன்று வாரம் காணாமல் போனால் அவர் தேட மாட்டார். நீயும் அவருக்காக ஒரு வேளை சமைக்கப் போவதில்லை.

இதில் என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், எங்கள் பக்கம்தான். எண்பது வயதைத் தாண்டிய அம்மா, தனியாக இருந்தார்கள். நான்கு பிள்ளைகள், நான்கு ஊரில், நான்கு பேரும் நல்ல விசுவாசிகள். குடும்பத்துக்கென்று ஜெபக்குழு உண்டு, தினம் காலையில் வசனம் வரும். ஒரு ராத்திரி அந்த அம்மா குளிமுறியில் விழுந்துவிட்டார்கள். எழும்ப முடியவில்லை. விடிகிற வரை ஈரத் தரையில் கிடந்தார்கள். கண்டுபிடித்தது யார்? தோவாளைச் சந்தையில் பூ எடுத்து வந்து கட்டி விற்கிற பக்கத்து வீட்டுப் பெண். வெள்ளென எழும்பி முற்றம் தூக்கிற அம்மா இன்றைக்கு ஏன் தூக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் சபைக்காரி அல்ல. அன்று காலையும் அந்தக் குழுவில் வாக்குத்தத்த வசனம் வந்திருந்தது, கை கூப்பின படத்தோடு.

பிள்ளைகளை நான் பழி சொல்லவில்லை. பிழைப்புக்காகப் போனவர்கள். என் கேள்வி ஐந்து வீடு தள்ளியிருக்கிற சபையாருக்கு. அவர்களும் தங்கள் தங்கள் போனில் தனித்தனியாக ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல சமாரியன் கதையை எத்தனை தடவை படித்தோம்? அதில் விலகிப் போனவர்களும் பக்திமான்கள்தானே?

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

"சபையில் சண்டை, சாதி, தேர்தல், கோர்ட்டு கேஸ். அதற்கு வீட்டில் இருப்பதே மேல்" என்கிறீர்கள். உண்மைதான், நான் மூடி மறைக்கவில்லை. ஒரே பந்தியில் அப்பம் எடுத்துவிட்டு, மாப்பிள்ளை தேடும்போது சாதி பார்க்கிற கூட்டம் நாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் சாதி போய்விடுகிறதா? தனித்தனியாக இருக்கிறவர்கள்தான் மறுப்பே இல்லாமல் சாதி பார்க்கிறார்கள், ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. வகுப்பில் சத்தம் அதிகம் என்றால் பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளையை நிறுத்துவோமா? உள்ளே போய், எழுந்து நின்று, இது தப்பு என்று சொல்லுங்கள்.

"கூட்டம் தப்பான வழியில் போனால்?" நல்ல கேள்வி. ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியில் சபையில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. அதை எதிர்த்த டீட்ரிச் போன்ஹோபர் என்கிற போதகர், பின்கென்வால்டே என்ற இடத்தில் இளம் போதகர்களைச் சேர்த்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஜெபித்து, ஒருவர் தப்பை ஒருவர் அறிக்கையிட்டு வாழ வைத்தார். 1937இல் போலீஸ் அதை மூடியது. சீஷத்துவம் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்ததும் அதே வருடம்தான். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கில் போட்டார்கள். பெரிய கூட்டத்தை எதிர்த்து நிற்கவும் மனிதனுக்கு ஒரு சின்னக் கூட்டம் தேவைப்படுகிறது. தனி ஆளைக் கூட்டம் எளிதாக விழுங்கிவிடும்.

"எங்களை யாரும் ஜட்ஜ் பண்ண வேண்டாம்" என்கிறீர்கள். நியாயத்தீர்ப்பு வேறு, திருத்தம் வேறு. ஊர்வம்பு பேசுகிற சபையார் மேல் எனக்கும் கோபம் உண்டு. மறைவில் பேசுவது வம்பு, முகத்துக்கு நேரே அன்போடு சொல்வது திருத்தம். என் சிவப்பு மையைப் பார்த்து அழுத பிள்ளைகள் இன்றைக்கு என்ஜினியர்களாக எனக்கு இலக்கணப் பிழையோடு வாழ்த்து அனுப்புகிறார்கள். இன்னும் கொஞ்சம் திருத்தியிருக்கலாமோ என்றுதான் தோன்றுகிறது.

மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கும், கடவுளே வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கும் நம் ஊர்க்காரர் ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். ஜீவானந்தம் 1907இல் இந்தப் பூதப்பாண்டியில் பிறந்தவர். அவர் விசுவாசி அல்ல. 1952இல் சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் தாம்பரத்தில் குடிசை வீட்டில்தான் இருந்தார். பொதுவுடைமை எனக்கும் மார்க்ஸுக்கும் நடுவிலுள்ள தனிக்காரியம் என்று ஜீவா சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். கிறிஸ்தவன் அதையே சொல்லும்போது ஏன் யாருக்கும் சிரிப்பு வரவில்லை?

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டேன். நான்கு காரியம்.

ஒன்று. உன் சபையில் முகம் தெரிந்து பெயர் தெரியாத ஒருவர் இருப்பார். இந்த ஞாயிறு பெயரைக் கேள். இந்த மாதத்துக்குள் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போ. துபாயிலும் தோகாவிலும் டொரண்டோவிலும் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டு. காலையில் வசனம் அனுப்புவதற்கு முன், அனுப்புகிற ஆளில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசு. ஊரில் தனியாக இருக்கிற அம்மை அப்பா என்றால், பக்கத்து வீட்டாருடைய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்.

மூன்று. உன் நோட்டைக் காட்ட ஒரு ஆளைத் தேடு. உன் பணம் எங்கே போகிறது, வீட்டில் உன் கோபம் எப்படி, யாரோடு பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிற உரிமையை அவருக்குக் கொடு. உன்னைப் புகழ்கிற ஆளாக இருக்கக் கூடாது.

நான்கு. அரிசி அளக்கும்போது ஒரு பிடி தனியாக எடுத்து வை. மாதக் கடைசியில் அதை உன் கையால் ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடு. ஆன்லைனில் அனுப்பக் கூடாது, நடந்து போ.

செய்தவர்கள் கீழே எழுதுங்கள். மறுப்பு இருக்கிறவர்களும் எழுதுங்கள், எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுவேன். எழுத்துப் பிழையையும் திருத்துவேன், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பூதப்பாண்டி